தாடைக் கட்டியிலிருந்து எடுத்த நீர்: ஊசி முனையிலிருந்து ரிப்போர்ட் வரை

தாடை எலும்புக்குள் வளர்ந்த நீர்க்கட்டியில் ஊசி போட்டு இழுத்தால் இரண்டு மில்லி, மூன்று மில்லி நீர் வரும். சிலருக்கு நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக வரும், சிலருக்குக் கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையாக வரும். பல இடங்களில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டில் "நீர் வந்தது" என்று எழுதிவிட்டு, சிரிஞ்சோடு குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த நீரில் ஒரு புரத அளவும் ஒரு ஸ்லைடும் பார்த்திருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனுக்கு ஒரு உருப்படியான தகவல் கிடைத்திருக்கும். மொத்தம் ஒரு மணி நேர வேலைதான். பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாதாரண ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கும் சாமான்களே போதும்.

வாய் நோயியல் பிரிவிலோ வாய் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்த முதுநிலை மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், பல் மருத்துவக் கல்லூரி லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் டெக்னீஷியன்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், கேள்வி என்ன?

இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையில் ஞானப்பல் முளைக்கவில்லை. ஓபிஜி (இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்தால் அந்தப் பல்லைச் சுற்றிக் கருப்பாக ஒரு குழி, தாடைக் கோணம் வரை நீண்டிருக்கிறது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. வெளியே முகத்தில் வீக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

இது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி உண்டாகும் டென்டிஜெரஸ் சிஸ்ட் ஒன்று. கெரட்டின் (தோலிலும் நகத்திலும் இருக்கும் புரதம்) செதில்கள் உள்ளே சேரும் கெரட்டோசிஸ்ட் இன்னொன்று. பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து வளரும் ஒற்றை அறை அமலோபிளாஸ்டோமா மூன்றாவது. எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

ஆனால் சிகிச்சை ஒன்றல்ல. டென்டிஜெரஸ் சிஸ்ட் என்றால் பல்லோடு சேர்த்துப் பையை உரித்தெடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். கெரட்டோசிஸ்ட் அப்படியில்லை. அதன் உட்படலம் நனைந்த டிஷ்யூ பேப்பர் போலப் பிய்ந்து வரும். சுவருக்குள் குட்டிக் கட்டிகள் ஒளிந்திருக்கும். ஒரு துணுக்கு எலும்பில் தங்கிவிட்டாலும் சில வருடங்கள் கழித்து மறுபடியும் வளரும். தாடையை வெளிப்பக்கம் வீங்க வைக்காமல், எலும்பின் உட்புற மஜ்ஜை வழியாகவே அது நீண்டுகொண்டு போவதால் நோயாளி தாமதமாகத்தான் வருவார். 1956இல் பிலிப்சன் இதற்குக் கெரட்டோசிஸ்ட் என்று பெயர் வைத்தார். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதை நீர்க்கட்டி வகையிலிருந்து எடுத்துப் புற்றல்லாத வளர்ச்சிகளோடு சேர்த்தது, 2017இல் திரும்பவும் நீர்க்கட்டிப் பட்டியலுக்கே கொண்டுவந்தது. வகைப்படுத்துவதில் நிபுணர்களுக்கே இவ்வளவு தயக்கம் இருக்கும் ஒரு கட்டி என்பதால்தான், கத்தி வைப்பதற்கு முன்பே சந்தேகம் எழுந்தால் நல்லது என்கிறேன்.

அந்தச் சந்தேகத்தை எழுப்பும் வேலையை நீர் செய்யும். இங்கிலாந்தைச் சேர்ந்த டோலர் 1970இல் பலவகைத் தாடைக் கட்டிகளின் நீரில் கரைந்திருக்கும் புரதத்தை அளந்து பார்த்தார். கெரட்டோசிஸ்ட் நீரில் 100 மில்லிக்கு 4 கிராமுக்குக் குறைவாகவும், டென்டிஜெரஸ், ராடிகுலர் (பல் வேர் நுனியில் வரும் கட்டி) போன்ற மற்றவற்றில் 5 கிராமோ அதற்கு மேலோ இருப்பதைக் கண்டார். 1973இல் கிராமரும் அவரும் சேர்ந்து, புரத அளவோடு நீரில் மிதக்கும் கெரட்டின் செதில்களையும் பார்த்தால் ஆபரேஷனுக்கு முன்பே கெரட்டோசிஸ்டைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். இன்றும் நாம் செய்வது அடிப்படையில் இதைத்தான்.

ஏன் இந்த வித்தியாசம் என்று புரிந்துகொண்டால், பின்னால் வரும் எண்களைப் படிப்பது சுலபம். சொத்தைப்பல்லின் வேர் நுனியில் உண்டாகும் ராடிகுலர் சிஸ்டின் சுவர் அழற்சியால் சிவந்து கிடக்கும். அங்கே ரத்தக் குழாய்கள் கசியும். அல்புமின் மட்டுமல்ல, உருவத்தில் பெரிய குளோபுலின்களும் இம்யூனோகுளோபுலின்களும் உள்ளே இறங்கும். அதனால் நீர் ஏறக்குறைய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) போலவே இருக்கும். கெரட்டோசிஸ்டின் சுவரில் பொதுவாக அழற்சி குறைவு. உட்படலமும் கெரட்டின் போர்த்தியது, எளிதில் எதையும் கசியவிடாது. சிறிய புரதமான அல்புமின் கொஞ்சம் நுழையும், பெரியவை அவ்வளவாக நுழையாது. எனவே மொத்த அளவும் குறைவு, அதில் பெரும்பங்கு அல்புமின்.

ஊசி எடுப்பதற்கு முன்

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து மறுபடியும் பாருங்கள். மேல்தாடையில் என்றால் அது சைனஸாக இருக்குமோ என்று யோசியுங்கள். சைனஸில் குத்திவிட்டால் காற்றுக் குமிழிதான் வரும். பிறகு நோயாளியின் வாயைப் பாருங்கள். ஈறிலிருந்து காரணமில்லாமல் ரத்தம் கசிந்திருக்கிறதா? பல்லை அழுத்தினால் உள்ளே போய்த் தானாக மேலே எழும்புகிறதா? வீக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பு தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எலும்புக்குள் ரத்தக்குழாய்க் கட்டி இருக்கலாம். அங்கே ஆழமாகக் கை வைப்பதற்கு முன் சீனியரிடம் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள். "இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்வார்கள், பெயர் தெரியாது. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எதற்காக நீர் எடுக்கிறோம், அதை வைத்து என்ன தெரியும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று, அன்றைக்கே கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தமும் எடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நோயாளியின் சீரம் புரதம் சாதாரணமாக 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கும் (இனி வரும் கிராம் எண்களும் 100 மில்லிக்குத்தான்). ஆனால் கல்லீரல் நோயோ சிறுநீரக நோயோ இருந்து அவருடைய சீரத்திலேயே புரதம் 5 கிராம்தான் என்றால், கட்டி நீரில் 3.8 என்று வரும் எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். பக்கத்தில் சீரம் எண் இருந்தால் அந்தத் தவறு நடக்காது.

இழுக்கும்போது

மரப்பு ஊசியைக் கட்டிக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். எலும்பு மெலிந்த இடத்திலேயே, அதே துளை வழியாகவே மருந்தை ஏற்றினால் கொஞ்சம் கட்டிக்குள்ளும் இறங்கும். இரண்டு மில்லி நீரில் அரை மில்லி மரப்பு மருந்து கலந்தால் 5 கிராம் புரதம் 4 கிராமாகத் தெரியும். நம்முடைய எல்லைக்கோடே 4 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

குத்தும் இடத்தில் எச்சில் இல்லாமல் காஸ் துணியால் நன்றாகத் துடைத்து, பொவிடோன் அயோடின் தடவி, அது காய்ந்த பிறகு குத்துங்கள். 18 கேஜ் ஊசி, 5 மில்லி சிரிஞ்ச். மெல்லிய ஊசியில் கெரட்டின் வராது, "ஒன்றும் இல்லை" என்று தவறாக எழுதிவிடுவோம். எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்திருக்கும் இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் மெல்ல நொறுங்குவது போலத் தெரியும், அங்கே ஊசி சுலபமாக இறங்கும். எலும்பு கெட்டியாக இருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். ஆபரேஷன் நாளில் சதையை விலக்கியபின் சிறு துளையிட்டு எடுத்துக்கொள்ளலாம். அப்போது டிரில்லுக்கு ஓடும் சலைன் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஸ்டனை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் சுவரிலிருந்து ரத்தம் வந்து கலக்கும், பின்னால் அளவு முழுவதும் பாழ்.

சிரிஞ்சுக்குள் வருவதை அந்த இடத்திலேயே கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சேதி சொல்லும். வைக்கோல் நிறம் அல்லது வெளிறிய தேன் நிறம், சிரிஞ்சைச் சாய்த்தால் உள்ளே மினுமினுவென்று துகள்கள்: கொலஸ்ட்ரால் படிகங்கள். ராடிகுலரிலும் டென்டிஜெரஸிலும் இது சகஜம். அழுக்கு வெள்ளை, கெட்டி, ஊசியில் திணறித் திணறி வருகிறது என்றால் அது கெரட்டினா சீழா என்று யோசிக்க வேண்டும். சீழ் என்றால் பெரும்பாலும் நாற்றம் இருக்கும், நோயாளிக்கு வலியும் இருக்கும். கெரட்டினுக்கு நாற்றம் இருக்காது, விரலிடையில் தேய்த்தால் பாலாடை மாதிரி வழுக்கும். கையுறை போட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் காற்றோ, கொஞ்சம் ரத்தம் கலந்த நீரோ மட்டும் வந்தால் வெற்றுக் குழியான எளிய எலும்புக் கட்டியாக இருக்கலாம். ஒன்றுமே வராமல் பிஸ்டன் திரும்பி ஓடினால் உள்ளே கெட்டியான திசு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்து, நீங்கள் இழுக்காமலே பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஊசியை எடுத்து அழுத்திப் பிடியுங்கள். சீனியரைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு பயாப்ஸி கிடையாது.

முதல் அரை மணி நேரம்

முதுநிலைப் படிப்பின் முதல் மாதத்தில் நான் செய்த தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடைக் கட்டி ஒன்றிலிருந்து நல்ல கெட்டியான நீர் மூன்று மில்லி எடுத்தேன். திசு என்றால் ஃபார்மலினில் போட வேண்டும் என்று பழகிய கை, அப்படியே ஃபார்மலின் பாட்டிலில் ஊற்றிவிட்டது. லேபில் அதைப் பார்த்த சீனியர் டெக்னீஷியன் அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, "டாக்டர், இதுல இனி புரதம் பாக்க முடியாது. அவரை மறுபடியும் குத்த வேண்டியதுதான்" என்றார். அந்த நோயாளி ஐம்பது கிலோமீட்டர் தாண்டி பஸ்ஸில் வந்தவர். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடும், அதன் பிறகு வரும் எந்த அளவையும் நம்ப முடியாது. அன்றிலிருந்து ஊசி எடுக்கும் முன்பே டியூப், ஸ்லைடு, ஆல்கஹால் மூன்றையும் பெயரெழுதி டிரேயில் வரிசையாக வைத்த பிறகுதான் கையுறை போடுவேன்.

வரிசை இப்படி இருக்கட்டும். சிரிஞ்சில் நீர் வந்தவுடன் முதல் இரண்டு மூன்று சொட்டுகளை ஸ்லைடுகளில் விடுங்கள். ஒரு ஸ்லைடில் சொட்டின் மேல் கவர்சிலிப் மூடி, சாயம் போடாமல் அப்படியே வையுங்கள், அது கொலஸ்ட்ராலுக்கு. இரண்டு ஸ்லைடுகளை மெல்லியதாக இழுத்து, காயும் முன்பே 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், அது செல்களுக்கு. மீதி முழுவதும் எதுவும் கலக்காத வெறும் டியூபில். ரத்தம் உறையாமல் இருக்கப் பயன்படும் ஊதா மூடி டியூப் வேண்டாம். அதிலுள்ள இடிடிஏ செம்பு அயனிகளைப் பிடித்துக்கொள்ளும், புரதத்தை அளக்கும் பையூரெட் முறை வேலை செய்வதே செம்பால்தான்.

டியூபில் பெயர், பதிவு எண், தேதி, எடுத்த நேரம், எந்தப் பக்கத் தாடை, எவ்வளவு மில்லி, என்ன நிறம் எல்லாம் எழுதுங்கள். நிறத்தை எழுதத் தவறாதீர்கள். மறுநாள் பார்க்கும்போது நீர் வேறு மாதிரி தெரியும்.

ஊசியைத் திரும்ப மூடாதீர்கள். ஊசி, குத்தினாலும் முனை வெளிவராத வெள்ளை டப்பாவுக்கு; சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டாயிற்றா என்று வேலையில் சேர்ந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுபோய், நிமிடத்துக்கு 3000 சுற்றில் பத்து நிமிடம் செண்ட்ரிஃப்யூஜ் போடுங்கள். எதிர்ப்பக்கம் அதே எடையில் தண்ணீர் டியூப் வைக்க மறக்க வேண்டாம். அடியில் கெரட்டினும் செல்களும் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். புரதம் பார்க்க அந்த மேல் நீர்தான் வேண்டும். அடிப்படிவை வீசாதீர்கள், அதிலிருந்து இன்னொரு ஸ்லைடு போடலாம். முதலில் இழுத்த ஸ்லைடைவிட அதில் செதில்கள் அதிகமாகக் கிடைக்கும்.

அன்றே செய்ய முடியாவிட்டால் மேல் நீரை வேறு டியூபுக்கு மாற்றி 4 டிகிரியில் ஒரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் மைனஸ் 20. மொத்தமும் தயிர் போல இருந்து மேல் நீரே பிரியவில்லையென்றால் தண்ணீர் கலந்து எப்படியாவது ஒரு எண் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். "புரதம் பார்க்கப் போதிய நீர் இல்லை" என்று எழுதிவிட்டு ஸ்லைடுக்குப் போங்கள். அந்த மாதிரி நீரில் ஸ்லைடே போதுமான பதில் சொல்லும்.

பையூரெட்: நீலம் ஊதாவாகும் கணம்

பையூரெட் கரைசல் என்பது காரம் கலந்த செம்புக் கரைசல், நீல நிறம். புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைட் பிணைப்புகளைச் செம்பு பற்றிக்கொண்டால் நிறம் ஊதாவாக மாறும். புரதம் எவ்வளவு அதிகமோ ஊதா அவ்வளவு அடர்த்தி. அந்த அடர்த்தியை 540 நானோமீட்டரில் கலரிமீட்டரிலோ செமி ஆட்டோ அனலைசரிலோ அளக்கிறோம். சீரம் புரதத்துக்கு வாங்கி வைத்திருக்கும் அதே கிட் போதும்.

அளவுகளைக் கிட்டோடு வரும் தாளில் பார்த்து அதன்படி செய்யுங்கள். பொதுவாக 1 மில்லி கரைசலுக்கு 20 மைக்ரோலிட்டர் சாம்பிள். நான்கு டியூப்களை வரிசையாக வையுங்கள்: பிளாங்க் (சாம்பிள் சேர்க்காத கரைசல்), ஸ்டாண்டர்ட் (புரத அளவு முன்பே தெரிந்தது), நோயாளியின் சீரம், கட்டி நீர். நான் ஐந்தாவதாக ஒன்றும் வைப்பேன், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கட்டி நீர் சீரத்தைவிடக் கொழகொழப்பானது. பைப்பெட் முனைக்கு வெளியே ஒட்டிக்கொள்ளும். 20 மைக்ரோலிட்டர் என்பது சிறிய சொட்டு, வெளியே ஒட்டியது இரண்டு மைக்ரோலிட்டர் கூடச் சேர்ந்தால் பத்து சதவீதம் பிழை. மெதுவாக உறிஞ்சுங்கள், நீருக்குள் முனையை வைத்தபடியே ஒரு நொடி பொறுங்கள், வெளியே எடுத்ததும் முனையின் பக்கவாட்டை டிஷ்யூவால் துடையுங்கள், நுனித் துளையைத் தொடாதீர்கள். கரைசலுக்குள் விட்டபின் அதே கரைசலை இரண்டு முறை உறிஞ்சி விட்டு முனையைக் கழுவுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து சராசரி எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவதும் செய்யுங்கள்.

37 டிகிரியில் பத்து நிமிடம். பிளாங்கை வைத்துக் கருவியைச் சுழியாக்கி அளவுகளை எழுதுங்கள்.

கணக்கு எளிது. சாம்பிளின் அளவை ஸ்டாண்டர்டின் அளவால் வகுத்து, ஸ்டாண்டர்டின் செறிவால் பெருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் 6 கிராம், அதன் அளவு 0.30 என்று வைத்துக்கொள்வோம். கட்டி நீரின் அளவு 0.24. அப்படியானால் 0.24ஐ 0.30ஆல் வகுத்து 6ஆல் பெருக்க 4.8 கிராம். "4க்கு மேல், கெரட்டோசிஸ்ட் இல்லை போலிருக்கிறது" என்று எழுதத் தோன்றும்.

இங்கேதான் அந்த ஐந்தாவது டியூப். கட்டி நீர் எவ்வளவு செண்ட்ரிஃப்யூஜ் போட்டாலும் சில சமயம் மங்கலாகவே இருக்கும். அந்த மங்கல் தானே வெளிச்சத்தை மறைக்கும். புரதத்தால் மறைந்ததா, மங்கலால் மறைந்ததா என்று கருவிக்குத் தெரியாது. அதனால் செம்பு மட்டும் சேர்க்காத அதே காரக் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் நீரைப் போட்டு, அதையும் 540இல் அளக்க வேண்டும். காரக் கரைசல் தனியாக இல்லாவிட்டால் சலைனில் செய்யலாம், ஆனால் காரத்தில் கொஞ்சம் மங்கல் கரையும், சலைனில் கரையாது என்பதால் அவ்வளவு துல்லியம் வராது. மேலே சொன்ன நீரில் இந்த டியூப் 0.06 காட்டினால், 0.24இலிருந்து அதைக் கழிக்க 0.18. இப்போது கணக்குப் போட்டால் 3.6 கிராம். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரே நீர், ஒரு டியூப் வித்தியாசம்.

ரத்தம் கலந்த நீரில் நிலைமை இன்னும் மோசம். ரத்தத்தோடு சீரம் புரதமும் வந்து அளவைக் கூட்டும். அது போதாதென்று, ஹீமோகுளோபின் உறிஞ்சும் வெளிச்சமும் 540க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் "ரத்தம் கலந்துள்ளது" என்று எழுதுங்கள். நன்றாகவே சிவந்திருந்தால் எண்ணே கொடுக்காதீர்கள். நான் கொடுப்பதில்லை.

ஸ்லைடில் என்ன தேடுவது

சாயமிடாத ஸ்லைடைக் கண்டென்சரைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். கொலஸ்ட்ரால் படிகம் செவ்வகக் கண்ணாடித் தட்டு மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஒரு மூலை மட்டும் கடித்து எடுத்தது போல வெட்டுப்பட்டிருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. கொலஸ்ட்ரால் இருப்பதால் மட்டும் இது இன்ன கட்டி என்று சொல்லிவிட முடியாது, நாள்பட்ட எந்தக் கட்டியிலும் வரலாம்.

ஆல்கஹாலில் போட்ட ஸ்லைடுக்கு பாப் சாயம் போட்டால் கெரட்டின் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும். தேட வேண்டியது உட்கரு இல்லாத, மடிந்து கிடக்கும் செதில்களை. கும்பல் கும்பலாக இருந்தால் கெரட்டோசிஸ்ட் சந்தேகம் பலப்படும். நான்கைந்து மட்டும் இருந்தால் யோசியுங்கள். ஊசி வாயின் தோலைத் துளைத்துத்தான் போயிருக்கிறது, அங்கிருந்தும் செதில் ஒட்டிக்கொண்டு வரும். பாக்டீரியா படிந்த, உட்கருவுள்ள பெரிய செல்கள் நிறைய இருந்தால் எச்சில் கலந்துவிட்டது.

ஆர்த்தோகெரட்டினைஸ்டு சிஸ்ட் என்ற இன்னொன்று இருக்கிறது. அதன் நீரும் இதே போலக் கெட்டியாக, செதில்களோடு வரும். 2017 வகைப்பாடு அதைத் தனி நோயாகவே பிரித்துவிட்டது, ஏனென்றால் அது திரும்ப வளர்வது அரிது. நீரையும் ஸ்லைடையும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சுவரின் திசுவைப் பார்த்தால்தான் தெரியும்.

மற்ற சோதனைகள், சுருக்கமாக

வசதியிருந்தால் அல்புமினைத் தனியாகப் பாருங்கள். புரோமோகிரெசால் கிரீன் கிட், 630 நானோமீட்டர். மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் குளோபுலின். மொத்தம் குறைந்து, அதிலும் பெரும்பங்கு அல்புமினாகவே இருந்தால் கெரட்டோசிஸ்ட் பக்கம் தராசு சாயும்.

மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோஃபொரேசிஸ் இதையே கண்ணுக்குக் காட்டும். செல்லுலோஸ் அசிடேட் பட்டையில், பிஎச் 8.6 கரைசலில், நோயாளியின் சீரத்தையும் கட்டி நீரையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, போன்சோ சாயம் போட்டால் சீரத்தில் அல்புமினுக்குப் பின்னால் குளோபுலின் பட்டைகள் வரிசையாகத் தெரியும். ராடிகுலர் சிஸ்ட் நீர் ஏறக்குறைய அதன் நிழல் போல இருக்கும். கெரட்டோசிஸ்ட் நீரில் அல்புமின் பட்டை ஒன்று, பின்னால் மங்கலாக ஏதோ கொஞ்சம். பார்க்க அழகாக இருக்கும், புரிந்துகொள்ளவும் உதவும். ஆனால் புதிதாக வருபவர் முதல் ஆறு மாதம் பையூரெட்டையும் ஸ்லைடையும் கை தவறாமல் செய்யப் பழகினால் போதும் என்பது என் கருத்து.

1980களில் கெரட்டோசிஸ்டுக்கே உரிய புரதம் ஒன்று கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். பிறகு அது லாக்டோஃபெரின் என்று தெரிந்தது. லாக்டோஃபெரின் வெள்ளையணுக்களிலும் இருப்பதால், கிருமி தொற்றிய எந்தக் கட்டியிலும் கூடலாம். அதனால் அதை மட்டும் நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை.

நீரின் சவ்வூடு அழுத்தத்தையும் டோலர் அளந்தார். கட்டி வகை எதுவானாலும் அது சீரத்தைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. கட்டி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பெருகுவதற்கு இது ஒரு காரணம். கட்டி ஏன் வளர்கிறது என்று புரிந்துகொள்ள உதவும், இன்ன கட்டி என்று பிரிக்க உதவாது.

எண்ணை எப்படிப் படிப்பது

4க்குக் கீழே, ஸ்லைடில் செதில் கும்பல், நீர் கெட்டி வெள்ளை: மூன்றும் சேர்ந்தால் கெரட்டோசிஸ்ட் சந்தேகம் வலுவானது. சர்ஜனை போனிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

5க்கு மேல், தெளிந்த தேன் நிறம், செதில் இல்லை: கெரட்டோசிஸ்டுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் அது டென்டிஜெரஸா, ராடிகுலரா, அமலோபிளாஸ்டோமாவா என்று இந்த எண் சொல்லாது. ஒற்றை அறை அமலோபிளாஸ்டோமாவின் நீரும் இதே போலத்தான் இருக்கும். "5.6 கிராம், சாதாரண சிஸ்ட்" என்று யாராவது எழுதி, அதை நம்பி பயாப்ஸியை விட்டுவிட்டால் அது பெரிய ஆபத்து. இந்த இடத்தில் நான் கறாராக இருப்பேன்: நீர்ப் பரிசோதனை பயாப்ஸிக்குப் பதில் அல்ல, எந்த எண்ணுக்கும் அல்ல.

4க்கும் 5க்கும் நடுவே வந்தால் ஒரு பக்கம் தள்ளப் பார்க்காதீர்கள். மங்கல் கழித்தீர்களா, மரப்பு மருந்து கலந்ததா, ரத்தம் உண்டா, சீரம் எண் என்ன என்று ஒரு சுற்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் நடுவில் இருக்கிறது என்றே எழுதுங்கள்.

புதியவர்களைக் குழப்பும் நிலைமை ஒன்று உண்டு: செதில்கள் நிறைய, ஆனால் புரதம் 6. பெரும்பாலும் அது கிருமி தொற்றிய கெரட்டோசிஸ்ட். அழற்சி வந்தால் அதன் உட்படலம் கெரட்டின் தன்மையை இழக்கும், சுவர் கசியும், சீரம் புரதம் உள்ளே இறங்கும். நோயாளியிடம் கேட்டால் "போன மாசம் வீங்கி வலிச்சுது, மாத்திரை போட்டுச் சரியாச்சு" என்பார். இந்த வரலாறு இல்லாமல் எண்ணைப் படிக்கவே கூடாது. செதிலும் எண்ணும் முரண்பட்டால் நான் செதிலைத்தான் நம்புவேன்.

கெரட்டோசிஸ்ட் சந்தேகம் வலுத்து, எக்ஸ்ரேயில் ஒன்றுக்கு மேற்பட்ட குழிகள் இருந்தால், அல்லது நோயாளி சிறு வயதுக்காரராக இருந்தால், பரம்பரையாக வரக்கூடிய கார்லின் கோல்ட்ஸ் நோய்த்தொகுதி நினைவுக்கு வர வேண்டும். உள்ளங்கையில் ஊசி குத்தியது போலச் சிறு பள்ளங்கள், தோலில் கட்டிகள், குடும்பத்தில் வேறு யாருக்காவது தாடைக் கட்டி என்று விசாரிக்கச் சொல்லி ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கலாம்.

ரிப்போர்ட்டும் நோட்டும்

நான் எழுதும் முறை இது: "வலது கீழ்த்தாடைக் கோணம், 2.5 மில்லி, அழுக்கு வெள்ளை, கெட்டி, நாற்றமில்லை, ரத்தக் கலப்பில்லை. கரைந்த மொத்தப் புரதம் 3.6 கிராம், மங்கல் கழிக்கப்பட்டது. அதே நாள் சீரம் 7.2 கிராம். அடிப்படிவில் உட்கரு இல்லாத கெரட்டின் செதில்கள் ஏராளம், கொலஸ்ட்ரால் இல்லை. கெரட்டினை உண்டாக்கும் நீர்க்கட்டியுடன் ஒத்துப்போகிறது. உறுதி செய்ய பயாப்ஸி அவசியம்." இதில் நோயின் பெயரை முடிவாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "ஒத்துப்போகிறது" என்பதற்கு மேல் நீரால் பேச முடியாது.

ரிப்போர்ட் போன பிறகு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கோடு போட்டு, தேதி, பதிவு எண், நிறம், புரதம், சீரம், செதில் என்று எழுதிக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆபரேஷன் முடிந்து திசு ரிப்போர்ட் வந்ததும் நீங்களே போய்ப் பார்த்து, அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். உங்கள் பைப்பெட், உங்கள் கலரிமீட்டர், உங்கள் கிட் மூன்றும் சேர்ந்து எந்த எண்ணில் பிரிகிறது என்பதை அந்தக் கட்டங்கள்தான் காட்டும். காலியாகவே நிற்கும் கட்டங்களுக்கு மாதம் ஒரு தடவை பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு ஹிஸ்டோபேத்தாலஜி பிரிவுக்குப் போய்வாருங்கள்.